மறுபடியும் அதே மெத்தைக் கடை

எங்கள் கார் நிறுத்தத்தில் என் பெயர் ‘ரூட்டு’. வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் பட்டப்பெயர்களில் வெளியே சொல்லக்கூடியது அது ஒன்றுதான். மற்றவர்களுக்கு வாய்த்ததெல்லாம் ‘குறட்டை’, ‘ஓட்டை பம்பர்’ என்கிற ரகம். ஊரில் உள்ள சந்துபொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி என்று அத்தனை பேரும் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அந்த நிறுத்தத்திலிருந்து என் சொந்த வீட்டுக்குப் போகவே எனக்கு வழி தெரியாது.

சும்மா பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பல் மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வருவதற்காக நான் திறக்கும் கதவு எப்போதும் அவருடைய அலமாரிக் கதவாகத்தான் இருக்கும். ஒரு கடைக்குள் நுழைந்து வெளியே வந்தால், போக வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு, வந்த பக்கமே திரும்பி நடப்பேன். சரி, எனக்குத் தோன்றுவதற்கு நேர் எதிராகப் போனால் சரியாக இருக்குமே என்று ஒரு காலத்தில் புத்திசாலித்தனமாக யோசித்தேன். அப்படியும் போய்ப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து எனக்கு முதலில் தோன்றியதுதான் சரியாக இருந்து தொலைத்தது.

என் கல்யாணம் நடந்த கட்டடத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மண்டபங்கள். கை கழுவப் போன நான் திரும்பி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு போட்டோக்காரர் வந்து, நான் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். மாப்பிள்ளையே நான்தான் என்றேன். அவர் மேடையைக் காட்டினார். அங்கே வேறொருவர் மாப்பிள்ளையாக நின்றுகொண்டிருந்தார். என்னைத் தேடி மாடியிலிருந்து இறங்கி வந்த என் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு விஷயம் அன்றைக்கே விளங்கிவிட்டது. பெரிய மனசு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்போது நான் ஒரு ஃபிரிட்ஜ் கடையில் டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். திசையே தெரியாதவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், நன்றாகவே தெரியும். எங்கே ஓட்டுவது என்பதுதான் தெரியாது. வேலைக்கு எடுக்கும்போது கடைக்காரர் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்டார், இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

பிழைப்பு நடக்க வேண்டுமே. அதற்காக நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு திருப்பத்துக்கு ஒரு ஆள். வழி கேட்டால் ஜனங்கள் ஆசை ஆசையாகச் சொல்வார்கள். நேரே போய் இடது பக்கம் திரும்பு, அப்புறம் இரண்டாவது வலது, அப்புறம் ஒரு பள்ளிக்கூடம், அப்புறம் ஒரு பாலம். முதல் ‘அப்புறம்’ காதில் விழுந்ததுமே என் மண்டைக்குள் கதவு சாத்திக்கொள்ளும். அதற்குமேல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பேன். முதல் திருப்பம் வரை போய், அங்கே இன்னொருவரைப் பிடிப்பேன். இப்படி ஒரு ஃபிரிட்ஜைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி ஊர் எனக்குப் பழக்கமாகிவிடும். ஒருமுறை தவறான கட்டடத்தின் நாலாவது மாடிவரை ஃபிரிட்ஜைத் தூக்க வைத்துவிட்டேன். தூக்கி வந்த இரண்டு பேரும் அதை மறுபடி கீழே இறக்கும்போது என்னைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத முடியாது.

கடைக்காரர் என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக வேனின் முன்கண்ணாடியில் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து ஒட்டினார். அதில் ஒரு திரை, திரையில் ஒரு தெரு, தெருவில் ஓர் அம்பு. அந்த அம்புதான் நான் என்றார். அதுவரை நான் எங்கே இருக்கிறேன் என்று என்னிடம் யாரும் அவ்வளவு திட்டவட்டமாகச் சொன்னதில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வழி சொல்லியது. அந்தக் குரலில் ‘அப்புறம்’ என்பதே கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு திருப்பம், அவ்வளவுதான். தப்பாகத் திரும்பினால் திட்டுவதுமில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு வழி சொல்லும். என்னிடம் இத்தனை பொறுமை காட்டிய இன்னொரு ஜீவன் என் வீட்டில்தான் இருந்தது.

இந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் கதையெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வாடகைக் கார் ஓட்ட வந்த பிறகு, ஓர் இயற்பியல் பேராசிரியர் சவாரியில் ஏறினார். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டோம். அவருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது, எனக்குத் தப்பித்து ஓட இடமில்லை. உலகத்தின் முதல் செயற்கைக்கோள் மேலே போனபோது அது ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டே சுற்றியதாம். கீழேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிலர், நெருங்கி வரும்போதும் விலகிப் போகும்போதும் அந்தச் சத்தம் மாறுவதை வைத்தே அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். உடனே ஒருவர் கேள்வியைத் திருப்பிப் போட்டாராம். நாம் நிற்கும் இடம் தெரிந்தால் அது இருக்கும் இடம் தெரிகிறது. அப்படியானால் அது இருக்கும் இடம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரியாதா? இந்த ஒரு கேள்வியில் கடலுக்கடியில் போகும் கப்பல்களுக்கு வழி பிறந்தது. அப்புறம் துல்லியமான கடிகாரங்களோடு கூட்டம் கூட்டமாகச் செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். அவை மேலேயிருந்து நேரம் சொல்லிக்கொண்டே சுற்றுகின்றன. நாலு செயற்கைக்கோள் சொல்வது காதில் விழுந்தால் போதும், போன் கணக்குப் போட்டு நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

இதெல்லாம் ராணுவத்துக்கென்று செய்தது என்றார் பேராசிரியர். ஒரு பயணிகள் விமானம் வழி தவறி வேறொரு நாட்டின் வானத்துக்குள் போய், சுட்டு வீழ்த்தப்பட்டு, உள்ளே இருந்த அத்தனை பேரும் இறந்துபோன பிறகுதான் பொதுமக்களுக்கும் இதைத் தருவதாக அறிவித்தார்களாம். அப்படித் தந்ததையும் ரொம்ப நாள் வேண்டுமென்றே கொஞ்சம் கலங்கலாக்கித்தான் தந்தார்கள். அந்தக் கலங்கலை நிறுத்திய பிறகுதான் ஃபிரிட்ஜ் வேன் வரைக்கும் அது வந்து சேர்ந்தது. வழி தவறுவது என்பது அதுவரை எனக்குச் சிரிப்பு சமாச்சாரம். அந்த விமானத்தைப் பற்றிக் கேட்ட பிறகு, சவாரி முடியும்வரை அந்த அம்பையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

இரண்டு நாள் கழித்து இதையே மற்ற சவாரிகளிடம் நானே கண்டுபிடித்த மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டேன், அது வேறு விஷயம்.

வாடகைக் காரில் நான் செய்த ஏற்பாடு இதுதான். போனைக் கியருக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்துவிடுவேன். குரல் என் இடது காதுக்குள் மட்டும் பேசும். ஏறுகிறவர்கள் காதில் இருப்பது என்ன என்று கேட்டால், காது கொஞ்சம் மந்தம் என்பேன். வழி தெரியாத டிரைவர் என்பதைவிடக் காது கேட்காத டிரைவர் என்பது எனக்குக் கௌரவமாகப் பட்டது. மற்ற டிரைவர்கள் போனோடு சண்டை போடுவார்கள், எனக்குத் தெரியாத வழியா என்று எங்கேயாவது நுழைந்து மாட்டிக்கொள்வார்கள். நான் வாயைத் திறக்காமல் சொன்னபடி திரும்பினேன். கொஞ்ச நாளில் எனக்கு ‘ரூட்டு’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். எனக்கு ஒரே எமன் குறுக்குவழி சொல்லும் சவாரிகள்தான். யாராவது பின்சீட்டிலிருந்து, இந்தச் சந்துக்குள் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று ஆரம்பிப்பார்கள். குறுக்குவழியில் போவது என் கொள்கைக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுவேன். நேர்மையான மனிதர் என்று நாலு பேர் என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு ஒரு மகள் இருந்தாள்.

மூக்கு மட்டும் அவள் அம்மாவுடையது, மற்றபடி அச்சு அசல் நான். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வந்து வேறொரு வகுப்பில் உட்கார்ந்து, அவர்கள் போட்ட கணக்கையும் போட்டு முடித்துவிட்டாள். இந்தக் கதையை என் சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் எடுத்துவிட்டார். அப்பா ஊருக்கே வழி காட்டுகிறார், மகளுக்கு வகுப்புக்குப் போக வழி தெரியவில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அதோடு விட்டேனா? “அவ அப்படியே அவங்க அம்மா மாதிரி” என்றேன். என் மனைவி கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மகள் கண்ணிலாவது நான் ஓர் ஆளாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று மனைவியிடம் கெஞ்சி வாக்கு வாங்கியிருந்தது நான்தான். அவளும் வாக்கைக் காப்பாற்றினாள். மகள் கையில் போன் வந்தபிறகு தெருவில் தொலைவது குறைந்தது. கட்டடங்களுக்குள் தொலைவது குறையவில்லை, ஏனென்றால் கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் எட்டிப் பார்ப்பதில்லை.

மகள் மருத்துவ ஆய்வகப் படிப்பில் சேர்ந்தாள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் வைத்தால், ஆயிரம் அணுக்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு கிருமியை நொடியில் காட்டிவிடுவாள். அந்த நுண்ணோக்கி இருக்கும் அறையைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடு. கடைசி வருஷச் செய்முறைத் தேர்வை வேறொரு கல்லூரியில் வைத்தார்கள். கட்டடங்களுக்குள் அலைந்து அலைந்து, யாரையும் கேட்க வெட்கப்பட்டு, ஒரு படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து அழுதுவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். சகலை அதற்கும் ஒரு பெயர் வைத்தார், பயந்தாங்கொள்ளி. கல்லூரியில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். இதையும் தவறவிட்டால் படிப்பையே விட்டுவிடுவதாக அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவள் பிடிவாதமும் என்னுடையதுதான், சொன்னால் செய்துவிடுவாள்.

“ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லிடுங்க” என்றாள் என் மனைவி. “உலகத்துலயே தான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சு அந்தப் பொண்ணு புழுங்கிட்டிருக்கு.”

சொல்கிறேன் என்றேன். தேர்வு முடியட்டும், நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பூசி மெழுகுவதில் எனக்கு எந்தக் குரலின் உதவியும் தேவைப்படுவதில்லை.

தேர்வு நாளன்று நானே காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. மகள் வெள்ளைக் கோட்டை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். வெளிவட்டச் சாலையில் ஏறும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. திடீரென்று காதுக்குள் இருந்த குரல், உடனே திரும்பி வந்த வழியே போகச் சொன்னது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதையே சொன்னது. போனைக் குனிந்து பார்த்தேன். எங்கள் கார் ஊரின் மறுகோடியில் இருக்கும் விமான நிலையத்தில், ஓடுபாதையின் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தது.

மகளும் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அவளும் விமான நிலையத்தில்தான் இருந்தாள். அடுத்த சிக்னலில் நின்றபோது, எங்கள் டிரைவர்கள் குழுவில் ‘குறட்டை’ என்கிற நண்பன் பேசி அனுப்பியிருந்ததைக் கேட்டேன். காய்கறிக் கடை வாசலில் நிற்கும் தன்னை போன் ஓடுபாதையில் காட்டுவதாகவும், விமானம் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தான். வானொலியில் விளக்கம் சொன்னார்கள். பாதுகாப்புக்காகவோ எதற்காகவோ யாரோ போலிச் சமிக்ஞை அனுப்புகிறார்களாம். உண்மையான சமிக்ஞை இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதால் கேட்பதே ரொம்ப மெலிசாகத்தான் கேட்குமாம். பக்கத்திலிருந்து ஒருவன் உரக்கப் பொய் சொன்னால், போன் பொய்யைத்தான் நம்புமாம்.

நான் போனை மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தேன். மகளோ போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நல்லவேளை, உங்களுக்கு இதெல்லாம் தேவையில்லப்பா” என்றாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியைச் சரிசெய்தேன், தொண்டையைச் செருமிக்கொண்டேன், ஒரு திருப்பத்தில் ரொம்பத் தன்னம்பிக்கையோடு திரும்பினேன். எங்கே போகிறோம் என்று தெரியாதவன் மெதுவாகப் போனால் மாட்டிக்கொள்வான் என்பது என் அனுபவம், அதனால் வேகமாகவே போனேன். ஒரு மெத்தைக் கடையைத் தாண்டினோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை மனிதன் போர்வைக்கு வெளியே ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். இடது, வலது, ஒரு பாலத்துக்கு அடியில், மறுபடி இடது. எதிரே மெத்தைக் கடை. பொம்மை மனிதன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

“இந்தக் கடைய இப்பதானே பார்த்தோம்?” என்றாள் மகள்.

அது வேறு, இவர்களுக்கு ஊரெல்லாம் கிளை இருக்கிறது என்றேன். எப்படித்தான் அந்த நேரத்தில் வாயில் வந்ததோ தெரியவில்லை. அவள் தலையாட்டிக்கொண்டாள். நான் இந்த முறை பாலத்தைத் தவிர்த்து, ஒரு பூங்காவைச் சுற்றி, எதிர்ப்பக்கமாக வந்து, ஒருவழிப் பாதை ஒன்றில் நுழைந்து வெளியேறினேன். வலது பக்கம் மெத்தைக் கடை.

இந்தத் தடவை அவள் திரும்பி அந்தப் பொம்மையின் காலையே கடைசிவரை பார்த்தாள். அப்புறம் மடியில் இருந்த கோட்டைப் பார்த்தாள். அதன் பொத்தானைத் திருகிக்கொண்டே, ரொம்ப மெல்லிய குரலில் பேசினாள்.

“எனக்குப் பார்த்த எடம், பார்க்காத எடம்கூடத் தெரியலப்பா. எல்லாம் ஒரே மாதிரி தெரியுது. என் மூளையிலதான் ஏதோ கோளாறு. வண்டிய நிறுத்துங்க, நான் வீட்டுக்குப் போயிடறேன்.”

அவள் கண் சரியாகத்தான் பார்த்தது. நான் வாய் கூசாமல் சொன்ன பொய்யால் அவள் தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டாள். இன்றைக்கு மட்டுமா, அவள் பிறந்ததிலிருந்தே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. என்மேல் எனக்கு அப்படியொரு வெறுப்பு வந்தது. காரை ஓரங்கட்டினேன்.

“நீ பார்த்தது சரிதாம்மா” என்றேன். “அது அதே கடைதான். மூணு தடவையும் அதே கடைதான்.”

அவளுக்குப் புரியவில்லை. அப்படியென்றால் ஏன் சுற்றுகிறோம் என்று கேட்டாள்.

“எனக்கு வழி தெரியாது. இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்குமே தெரியாது.”

காதிலிருந்ததைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். கம்பெனி அழைப்புக்காக என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தது அது. அவள் அதை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். ஓடுபாதையிலிருந்து வெளியேறும்படி அது அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன், பல் மருத்துவரின் அலமாரி, நாலாவது மாடி ஃபிரிட்ஜ், கல்யாண மண்டபம் உட்பட. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப அம்மா?” என்று கேட்டாள்.

“அம்மாவுக்கு எல்லா வழியும் தெரியும்.”

“நான் அம்மா மாதிரின்னு சொன்னீங்களே. எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே” என்றாள். “அந்தப் படிக்கட்டுக்குக் கீழ உக்கார்ந்தப்ப உங்களத்தாம்பா நெனச்சுக்கிட்டேன். இப்படி ஒரு ஆளுக்கு நான் எப்படிப் பொறந்தேன்னு.”

எதைச் சொன்னாலும் மறுபடியும் பூசி மெழுகுவதாகத்தான் இருந்திருக்கும். அவள் கோட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அது வெள்ளைக் கோட்டு என்பது துடைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிறகு நேரத்தைப் பார்த்தாள். இப்போது என்ன செய்வது என்று கேட்டாள். அவள் கதவைத் திறந்து இறங்கி நடந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு கேள்வியே பெரிய உபகாரமாக இருந்தது. இறங்கிக் கேட்க வேண்டியதுதான் என்றேன்.

மெத்தைக் கடைக்காரரே வாசலுக்கு வந்து நின்றிருந்தார். நாலாவது தடவை எப்போது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். கல்லூரியின் பெயரைச் சொன்னதும் உற்சாகமாக ஆரம்பித்தார். நேரே போய் வலது, அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க், அப்புறம் சுற்றிக்கொண்டு வந்தால் ஒரு வங்கி, அப்புறம் இரண்டு தெரு விட்டு மூன்றாவது. நான் தலையாட்டினேன். பக்கத்தில் பார்த்தால் மகளும் அதே தாளத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் அதே பேந்தப் பேந்த விழிப்பு. காரில் ஏறியதும் என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு எதுவரைக்கும் புரிஞ்சுது?”

“முதல் வலது வரைக்கும்.”

“எனக்கும் அதுவரைக்கும்தான்” என்றாள்.

சரி, முதல் வலது வரை போவோம் என்று போனோம். அங்கே அவளே கண்ணாடியை இறக்கி, சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவரைக் கேட்டாள். முதல் தடவை குரலே எழும்பவில்லை. அவர் தூரிகையாலேயே பக்கத்தைக் காட்டினார். அடுத்த திருப்பத்தில் ஒரு நர்ஸ், அதற்கடுத்து ஒரு பூட்டுக்காரர். போகப் போக எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஊரே தெருவோரம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது. பார்சல் கொடுக்கிற பெண் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டாள். பள்ளி வேன் ஓட்டுநர் எங்களை நிறுத்தி எங்களிடமே கேட்டார். டை கட்டிய ஒருவர் காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு, கையை நீட்டி வழி சொல்லும் ஒரு பெரியவரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, வாழ்க்கையில் முதன்முறையாக ஊர் மொத்தமும் என் கட்சியில் சேர்ந்திருந்தது எனக்கு உள்ளூர ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

கல்லூரி வாசலை அடைந்தபோது தேர்வு தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது. மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. காவலாளி மட்டும் நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னாலேயே ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், தலையெல்லாம் கலைந்து, கையில் ஒரு கோப்புக் கட்டோடு இறங்கினார். ஊரையே சுற்றி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“இதுதானாம்மா அந்தக் காலேஜ்?” என்று என் மகளைத்தான் கேட்டார். “செய்முறைத் தேர்வு நடத்த வந்திருக்கேன். காலையிலேர்ந்து ஏர்போர்ட்லயே நிக்கிறேன்.”

என் மகளிடம் யாரும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. அவளும் ஒரு கணம் திகைத்துத்தான் போனாள்.

“இதுதான் மேடம்” என்றாள். “உள்ள எந்தக் கட்டடம்னு எனக்கும் தெரியாது. வாங்க, கேட்டுக்கிட்டே போலாம்.”

காவலாளியைக் கேட்டாள். அவர் காட்டிய மூலை வரை இருவரும் போனார்கள். அங்கே நின்று, வாளியோடு வந்த ஒரு பெண்ணைக் கேட்டாள். அப்புறம் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். நான் காரில் ஏறி உட்கார்ந்து, சகலைக்கு மட்டும் ஒரு போன் போட்டேன். என் மகள் அவள் அம்மா மாதிரி இல்லை, முழுக்க என்னை மாதிரி என்று சொன்னேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வாழ்த்தினார். அவருக்கு விளக்கிச் சொல்ல அந்தக் கல்யாண மண்டபக் கதை தேவைப்பட்டது, அதையும் சொன்னேன். அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொள்ளட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

தேர்வு முடியும் நேரத்துக்கு நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்து போய்விட்டார்கள். அவளைக் காணவில்லை. படிக்கட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டாளோ என்று உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன். அப்போது போன் அடித்தது.

“நல்லாப் பண்ணிட்டேன்பா. மேடம் என் ஸ்லைடை மத்தவங்களக் கூப்பிட்டுக் காட்டினாங்க. ஆனா வேற ஏதோ கேட் வழியா வெளிய வந்துட்டேன் போலிருக்கு. போன் இன்னும் ஏர்போர்ட்னுதான் காட்டுது.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் எங்க இருக்கேன்னே தெரியலப்பா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். தொலைந்துபோனதை அவள் அழாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அங்கேயே நில்லும்மா” என்றேன். “நான் கேட்டுக்கிட்டே வந்துடறேன்.”

“வேணாம் வேணாம், நீங்க நில்லுங்க. நான் கேட்டுக்கிட்டே வரேன்.”

இருவருமே கிளம்பிவிட்டோம். அதனால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க மதியம் கழிந்துவிட்டது.